உள்ளே இருப்பவன் சாவி

மேலாளர் தேஷிச் தாளை மேசையின் மேல் நகர்த்தினார். கூடவே பேனாவை நகர்த்தினார். அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கிண்ணத்தில் கடுங்காபியும் வந்தது. அவர் கையால் காபி வந்தால் ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று அந்தச் சர்க்கரை ஆலையில் எல்லோருக்கும் தெரியும். ஆபரேட்டர் தேசாங்கா காபியைத் தொடவில்லை. தாளை எடுத்துப் படித்தாள்.

மெக்கானிக் ஒந்த்ரேய் யாரிடமும் சொல்லாமல் தன்னிச்சையாகத் திருகுத் தொட்டிக்குள் இறங்கினார், விபத்துக்கு அவரது கவனக்குறைவே காரணம், இதை நான் நேரில் அறிவேன். இவ்வளவுதான் அதில் இருந்தது. அடியில் ஃபோர்மேன் ரதிவோய் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். பக்கத்தில் அவளுக்காக ஒரு கோடு காலியாகக் கிடந்தது.

“போட்டுடும்மா. உன் பேரு எங்கயும் வராது,” என்றார் தேஷிச்.

“ஏன் சார் வரக்கூடாது? பட்டன அழுத்துனவ நான்தானே?”

“அதத்தான் சொல்றேன். நீ நல்லவ. உன்னக் காப்பாத்தத்தான் இவ்வளவும்.”

“ஒந்த்ரேய யாரு காப்பாத்துறது?”

தேஷிச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நிதானமாக இருக்கிறார் என்று காட்ட வேண்டியபோதெல்லாம் கண்ணாடியைத் துடைப்பார். “பாரு தேசாங்கா. வெள்ளிக்கிழமை மதியம் தொழிலாளர் ஆய்வாளர் அம்மா வராங்க. அவங்க கையில ஒரு காரணத்தக் குடுத்தாகணும். காரணம்னா ஒரு ஆளு. ஒண்ணு, ஒந்த்ரேய் சொல்லாம போனான். இல்ல, ஃபோர்மேன் வேலை நேரத்துல வீட்டுக்குப் போனான். அதுவும் இல்லன்னா ஆபரேட்டர் பாக்காம பட்டன அழுத்துனா. எது வேணும்னு நீயே சொல்லு.”

காய்கறிக் கடையில் கேட்பதுபோல் கேட்டார். ரதிவோய் தேசாங்காவுக்கு வெறும் ஃபோர்மேன் இல்லை. அவள் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர். அப்படி நின்றவரைக் கூம் என்பார்கள், அவர் அவளைக் கூமோ என்பார். கூடப் பிறந்தவனோடு சண்டை போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் பேசாமல்கூட இருக்கலாம். கூமோடு அப்படி இருக்க முடியாது, ஊர் காறித் துப்பும். அது தெரிந்துதான் தேஷிச் இந்தக் கணக்கைப் போட்டிருந்தார். கூமைக் காட்டிக்கொடுக்க மாட்டாள், தன்னையே காட்டிக்கொடுக்க எவளுக்கும் மனசு வராது, மிச்சம் இருப்பவன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற ஸ்லோவாக்கியன் ஒந்த்ரேய்.

நடந்தது இதுதான். வயலிலிருந்து வருகிற சர்க்கரைக் கிழங்கைக் கழுவியதும், நீளமான ஒரு தொட்டிக்குள் பெரிய இரும்புத் திருகு ஒன்று சுற்றிச் சுற்றி வெட்டும் இயந்திரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். மழை பெய்தால் கிழங்கோடு சேறும் கல்லும் வரும். கல் சிக்கினால் திருகு நின்றுவிடும். மெக்கானிக் உள்ளே இறங்கிக் கல்லை நெம்பி எடுப்பான். அவன் உள்ளே இருக்கும்போது திருகு சுற்றாமலிருக்க மாடியில் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டு போடுவார்கள். ஒரே பூட்டு, ஒரே சாவி. சாவி ஃபோர்மேன் பையில். அவர் வெளியே போனால் வாசல் அலுவலகத்தில். கழுவும் பக்கத்தில் நிற்கிறவர் போனில் “ஆள் இல்லை” என்று சொன்னால் பூட்டைத் திறக்கலாம்.

இந்த விதி தேஷிச் கொண்டுவந்தது. முன்பு வேலை பார்த்த சின்ன ஆலையிலிருந்து ஒரு எழுத்து மாற்றாமல் பெயர்த்துக்கொண்டு வந்தார். அங்கே சுவிட்சுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் தொட்டி தெரியும். போனில் யாராவது தப்பாகச் சொன்னாலும் கண் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே ஜன்னலைத் திறந்தால் சாலையில் நிற்கிற லாரிகள்தான் தெரியும்.

அன்று மித்ரோவ் நாள். ரதிவோய் வீட்டுப் புனிதரின் நாள், ஸ்லாவா. வீட்டுத் தலைவன் பாதிரியாரோடு நின்று ரொட்டியை வெட்டாவிட்டால் அது ஸ்லாவாவே இல்லை. கிழங்குப் பருவம் எவ்வளவு உச்சத்தில் இருந்தாலும் ஸ்லாவாக்காரனை மதியம் வீட்டுக்கு அனுப்பிவிடுவது ஆலையில் பரம்பரை வழக்கம். அன்று திருகு சிக்கியது. ஒந்த்ரேய் இறங்கினான். ரதிவோய் பூட்டினார். நேரமானதும் விதிப்படி சாவியை வாசல் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். ஒந்த்ரேய் இன்னும் நீளமான கடப்பாரை எடுக்க வெளியே வந்ததைக் கழுவும் பக்கத்தில் நின்ற பாலிண்ட் பார்த்தான். பாலிண்ட் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பிய நேரத்தில் ஒந்த்ரேய் பின்கதவு வழியாக வந்து மறுபடி இறங்கிவிட்டான். லாரிகள் சாலை வரைக்கும் நின்றன. வாசலில் இருந்தவர் போன் போட்டார். பாலிண்ட், “ஆள் போயாச்சு” என்றான். சாவி மாடிக்கு வந்தது. தேசாங்கா பூட்டைத் திறந்தாள், லீவரைத் தூக்கினாள், பட்டனை அழுத்தினாள்.

ஒருத்தர்கூட விதியை மீறவில்லை. எழுதியிருந்ததை எழுதியபடியே செய்தார்கள். அப்படிச் செய்துதான் ஒந்த்ரேயின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. வாசலைக் கேள், கழுவும் பக்கத்தைக் கேள் என்று விதி சொன்னது. உள்ளே இருக்கிறவனைக் கேள் என்று மட்டும் அதில் ஒரு வரி இல்லை.

“நாலாவதா ஒண்ணு இருக்கே சார்,” என்றாள் தேசாங்கா. “உங்க விதி.”

“விதியில ஒரு தப்பும் இல்ல.”

“இல்லதான். அதை அப்படியே செஞ்சோம். அதோட லட்சணம்தான் ஆஸ்பத்திரியில படுத்திருக்கு.”

“வாய அடக்கிப் பேசு.”

“அன்னைக்கு மிஷின நிறுத்திட்டு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு, உங்களுக்குத்தான் போன் பண்ணேன். நீங்க எங்க இருந்தீங்க? கூம் வீட்டு ஸ்லாவா மேசையில. வறுத்த பன்னிக்குட்டி வாயில இருந்ததால நீங்க பேசுனதே எனக்குப் புரியல. வேலை நேரத்துல வீட்டுக்குப் போனான்னு கூம் மேல எழுதுவீங்க. அந்த வீட்டுல உக்காந்து தின்னவர எந்தத் தாள்ல எழுதுவீங்க?”

தேஷிச்சின் முகம் கோபத்தில் சிவக்கவில்லை. அது சாயம் போன துணியாக வெளுத்தது. “வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசி. கையெழுத்து இல்லன்னா போலீஸ் கேஸ் உன் மேலதான். வேலையும் இருக்காது,” என்றார். தேசாங்கா தாளை மடித்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். காபி ஆறிப்போயிருந்தது.

சாயங்காலம் ரதிவோய் அவள் வீட்டுக்கு வந்தார். அவள் பின்கட்டில் குளிர்காலத்துக்காக முட்டைக்கோஸை உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கணவன் ஆஸ்திரியாவில் கட்டட வேலையில் இருந்ததால் இந்த வேலையெல்லாம் அவள் தலையில்தான். ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் பிளம் பழச் சாராயமான ரக்கியாவை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். என்ன கோபம் இருந்தாலும் கூமுக்கு அதை வைத்தாக வேண்டும்.

“கூமோ, தாள்ல போட்டுட்டியா?” என்று கேட்டார்.

“நீங்க போட்டதப் பாத்தேன்.”

“எனக்கு வேற என்ன வழி? ஓய்வுக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கு. ஸ்லாவாவுக்குப் போனேன்னு எழுதுனா, வேலைய விட்டு ஓடுனவன்னு பேராகிடும். எங்கப்பன் இதே ஆலையிலேர்ந்துதான் ரொட்டி வெட்டப் போனாரு. அவரு அப்பனும் அப்படித்தான். என் வரைக்கும் வந்து அது குத்தமாகணுமா?”

“போனதக் குத்தம்னு நான் சொல்லல கூமே. சாவிய எங்க குடுத்துட்டுப் போனீங்க?”

“வாசல்ல. அப்படித்தானே எழுதியிருக்கு.”

“எழுதியிருக்கு. கீழ ஒரு மனுஷன் கல்லோட மல்லுக்கட்டிட்டு இருக்கான்னு உங்களுக்குத் தெரியும். வாசல்ல உக்காந்திருக்கிறவனுக்கு ஒரு சாவி வந்துச்சுன்னு மட்டும்தான் தெரியும். நீங்க இரும்பத்தான் கைமாத்துனீங்க. மனுஷன மாத்திக் குடுக்கல.”

ரதிவோய் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். “அன்னைக்கு வெட்டுன ரொட்டி இன்னும் தொண்டையிலேயே நிக்குது. நான் கெட்டவன் இல்ல கூமோ.”

“கெட்டவன்னு யாரு சொன்னா? பயந்தாங்கொள்ளின்னு சொல்றேன்.”

கூமைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தையை அந்தத் தெருவில் யாரும் சொன்னதில்லை. தேசாங்கா அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ரதிவோய் தொப்பியை எடுத்து மாட்டினார். ரக்கியாவைத் தொடாமல், கதவைச் சத்தம் இல்லாமல் சாத்திவிட்டுப் போனார். அவள் மிச்ச முட்டைக்கோஸை அடுக்கினாள். உப்பை அள்ளி அள்ளிப் போட்டாள். வருவது அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே பிடிபடவில்லை, இரண்டும்தான் வந்தது.

மறுநாள் அவள் நோவி சாத் நகர ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். போகவே பயமாக இருந்தது. போகாமல் இருந்தால் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க முடியாது என்றும் இருந்தது. ஒந்த்ரேயின் மனைவி ஜுஸானா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் செய்த காரத் தொத்திறைச்சியை வில்லை வில்லையாக நறுக்கிக்கொண்டிருந்தாள். தேசாங்காவைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

“கையெழுத்துப் போட்டாச்சுன்னு சொல்ல வந்தியா?”

“விடு ஜுஸா,” என்றான் ஒந்த்ரேய். “உக்காரு தேசா அக்கா. இவளுக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான். மழைக்காலத்துல இனிமே பாதிச் சேறுதான் வீட்டுக்குள்ள வரும்.”

ஜுஸானா சிரிக்கவில்லை. போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்க்காமல் இருக்கத் தேசாங்கா படாத பாடுபட்டாள். கடைசியில் பார்த்தே விட்டாள். பார்த்தபின் பேச்சு வந்தது.

“நான்தான் அழுத்துனேன் ஒந்த்ரேய்.”

“தெரியும். நிறுத்துனதும் நீதான். கத்துன சத்தத்துக்கு நீ உடனே நிறுத்தலன்னா இந்தக் கட்டில் இன்னைக்கு வேற யாருக்கோ போயிருக்கும்.” அவன் கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தான். “நர்ஸ் என் பேண்டுப் பையில இருந்ததெல்லாம் ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்க. என்ன இருந்துச்சு தெரியுமா? வீட்டுச் சாவி. சைக்கிள் சாவி. பன்னிக் கொட்டில் சாவி. பன்னி வெளிய போயிடக்கூடாதுன்னு அதுக்கு ஒரு சாவி என் பையில இருந்துச்சு அக்கா. நான் படுத்துக் கெடந்த தொட்டிக்குச் சாவி எவன் பையிலயோ இருந்துச்சு.”

தேசாங்காவுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் நின்றது. யாருடைய உயிர் உள்ளே இருக்கிறதோ அவனிடம் இல்லாத சாவி. இதைச் சரிசெய்ய ஒரு படிப்பும் வேண்டாம், ஆளுக்கொரு பூட்டு போதும் என்று அப்போதே தோன்றியது. இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

“தாள் எங்க?” என்றாள் ஜுஸானா. வாங்கி ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். “தன்னிச்சையாக. இந்த மனுஷன் தன்னிச்சையா ஒரு சட்டை வாங்குனது கெடையாது. என்னக் கேக்காம தலைமுடிகூட வெட்டிக்க மாட்டான். தொட்டியில தன்னிச்சையா குதிச்சானாம்.” அந்த வார்த்தையை விரலால் குத்திக் காட்டினாள். “இந்த ஒரு வார்த்தை இருந்தா எங்களுக்கு நஷ்டஈடு கெடையாது. ஊன ஓய்வூதியத்துலயும் கை வைப்பாங்க. ரெண்டு பொண்ணு வீட்டுல இருக்கு. நான் எங்க போய் நிக்கட்டும்?”

“நான் போட மாட்டேன்,” என்றாள் தேசாங்கா.

“நீ போடலன்னா என்ன? உன் கூம் போட்டுட்டானே. அவங்களுக்கு அது ஒண்ணே போதும்.”

அது உண்மை. தேசாங்கா தாளை வாங்கி மடித்தாள். ஒந்த்ரேய் ஒரு வில்லை தொத்திறைச்சியை எடுத்து அவள் கையில் திணித்தான். பஸ்ஸில் அதைத் தின்றபோது காரத்தில் கண்ணீர் வந்தது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை பிடித்துக்கொண்டது. சொல்லிவைத்தாற்போல் திருகு நின்றது. ரதிவோய் மாடிக்கு வந்து சுவிட்சை இறக்கினார், பூட்டினார், சாவியைப் பையில் போட்டார். அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஒந்த்ரேயின் இடத்துக்கு வந்திருந்த மெக்கானிக் ஜிவான் கடப்பாரையோடு மாடிப்படியடியில் நின்றான். எருதைப் போல் தடித்த ஆள், ஆனால் அன்று அவன் உதடு வெளுத்திருந்தது.

“இறங்காத, ஒரு நிமிஷம் நில்லு,” என்று கத்திவிட்டுத் தேசாங்கா சைக்கிள் கொட்டகைக்கு ஓடினாள். தன் சைக்கிளைப் பூட்டியிருந்த சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். மாடியில் லீவருக்கும் சுவரில் இருந்த இரும்புக் கம்பிக்கும் நடுவே அதைச் சுற்றி இழுத்துப் பூட்டினாள். ரதிவோயின் பூட்டு ஒரு பக்கம், இவள் சங்கிலி ஒரு பக்கம். பிறகு இறங்கிப் போய்ச் சாவியை ஜிவானின் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டினாள்.

“வேலை முடிஞ்சு வெளிய வந்து நீயேதான் மேல வந்து தொறக்கணும். நான் கேட்டாலும் குடுக்காத. ஃபோர்மேன் கேட்டாலும் குடுக்காத. அந்த மித்ரோவ் நாள் புனிதரே எறங்கி வந்து கேட்டாலும் குடுக்காத.”

“சைக்கிள் காணாமப் போச்சுன்னா?”

“போகட்டும். நடந்து போறேன்.”

ஜிவான் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினான். முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியிருந்தது.

கல் லேசில் வரவில்லை. லாரிகள் வாசலைத் தாண்டிச் சாலையில் வால் நீட்டின. ஓட்டுநர்கள் ஹார்ன் அடித்தார்கள், பிறகு இறங்கி வந்து கொட்டகைக்குக் கீழே நின்று புகைபிடித்தார்கள். ஆய்வாளர் வருகிற நாள் என்று தேஷிச் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். அதோடு மாடிப்படி ஏறி வந்தார்.

“என்ன இது?”

“பூட்டு சார்.”

“எந்த விதியில இருக்கு?”

“எந்த விதியிலயும் இல்ல. இது மீறல்தான். என் பேரோட பெருசா எழுதிக்கோங்க.”

“கழுவுற பக்கம் போன் போடு. ஆள் இல்லன்னா தொற.”

தேசாங்கா ரிசீவரை எடுத்து அவரிடமே நீட்டினாள். தேஷிச் பாலிண்டைக் கேட்டார். மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“தெரியாது சார். நான் நிக்கிற எடத்துலேர்ந்து தொட்டிக்குள்ள தெரியாது. அன்னைக்கும் தெரியல. தெரியும்னு சொல்லிட்டேன். இனிமே அந்த வார்த்தை என் வாயில வராது.”

தேஷிச் ரிசீவரை வைத்தார். ரதிவோயைக் கூப்பிட்டார். “கம்பி வெட்டுறத எடுத்துட்டு வா. இந்தச் சங்கிலிய வெட்டு.”

ரதிவோய் போனார். நீளக் கைப்பிடி வைத்த வெட்டியோடு திரும்பி வந்தார். தேசாங்கா சங்கிலிக்கு முன்னால் நகர்ந்து நின்றாள். கூம் வெட்டினால் தடுக்க அவள் கையில் பலம் இல்லை, அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவர் வெட்டினால் ஜுஸானாவுக்குச் சொல்ல ஒரு வார்த்தை மிச்சம் இருக்காது. ரதிவோய் வெட்டியின் வாயைத் திறந்தார். சங்கிலியைப் பார்த்தார். கீழே எங்கோ இரும்பு இரும்பை இடிக்கிற சத்தம் கேட்டது. ஜிவான் நெம்பிக்கொண்டிருந்தான்.

ரதிவோய் வெட்டியை மூடி, தேஷிச்சின் கையில் வைத்தார்.

“நீங்களே வெட்டுங்க சார்.”

“என்னய்யா?”

“ஒரு தடவ சாவிய கைமாத்திட்டேன். ஆயுசுக்கும் அது போதும். அந்தத் தாள்ல என் கையெழுத்த அடிச்சிடுங்க. அது பொய். ஒந்த்ரேய் என்கிட்ட சொல்லிட்டுத்தான் எறங்குனான்.” மூச்சு வாங்கினார். “ஆய்வாளர் அம்மா கேட்டா நான் ஸ்லாவாவுக்குப் போனத நானே சொல்றேன். வீட்டுக்கு யார் யார் வந்து சாப்பிட்டாங்கன்னும் சொல்றேன். மறைக்கிற வீடு இல்ல அது, கதவ தெறந்து வெச்ச வீடு.”

தேசாங்கா அவரைப் பார்த்தாள். முந்தாநாள் சொன்ன வார்த்தையை இப்போது திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் தோன்றியது.

தேஷிச் வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாழ்நாளில் அப்படி ஒரு கருவியை அவர் தூக்கியதில்லை என்பது பிடித்த லட்சணத்திலேயே தெரிந்தது. வெட்டினால் அவர் கையால் வெட்டியதாகும், கீழே ஒருவன் இருக்கிறான். அதை மேசை மேல் போட்டுவிட்டு இறங்கினார். தேசாங்காவும் ரதிவோயும் பின்னாலேயே போனார்கள். புகைபிடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மேலாளர் சேற்றில் கால் வைத்து, தொட்டியின் வாய்ப்பக்கம் குனிந்தார். கழுத்துப்பட்டை உள்ளே தொங்கியது.

“உள்ள யாரு?”

அந்த ஆலையில் அந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

“நான்தான். ஜிவான்,” என்று குரல் வந்தது.

“வெளிய வா. இல்லன்னா சாவிய மேல போடு.”

“கல்லு இன்னும் வரல சார். வந்ததும் நானே வந்து தொறக்குறேன்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“அத கல்லத்தான் கேக்கணும்.”

ஓட்டுநர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அந்த நேரத்தில் வாசலுக்கு அப்பால் லாரிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கார் மாட்டிக்கொண்டு நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். கதவு திறந்தது. ஆய்வாளர் அம்மா குடையை விரித்து, சேற்றைத் தாண்டித் தாண்டி நடந்து வர ஆரம்பித்தார். தேஷிச் அவரையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். ஓடவும் முடியாது, இயந்திரத்தை ஓட்டவும் முடியாது. ஒரு மெக்கானிக்குக்காக ஆலையே காத்துக்கொண்டு நின்றது.

தேசாங்கா மேலங்கிப் பையிலிருந்து தாளை எடுத்து, எழுதாத பக்கத்தைத் திருப்பி அவரிடம் நீட்டினாள்.

“நிக்கிறதுதான் நிக்கிறீங்க சார். இதையும் மாத்தி எழுதிடுங்க. பழசுல எங்க ரெண்டு பேருல ஒருத்தர் கையெழுத்தும் இருக்காது. வெறும் தாளோட அந்த அம்மா முன்னால போகப் போறீங்களா?”

“என்ன மிரட்டுறியா?”

“எப்படி வேணா வெச்சுக்கோங்க.”

எழுத அங்கே மேசை இல்லை. ரதிவோய் திரும்பி, முழங்காலில் கையை ஊன்றி முதுகைக் காட்டிக் குனிந்தார். தேஷிச் அந்த முதுகைப் பார்த்தார். குடை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் பேனாவை எடுத்தார்.

“சொல்லு.”

“ஒந்த்ரேய் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். எழுதிட்டீங்களா? அவரைக் கேட்காமல் சுவிட்சைத் திறந்தது நாங்கள்.”

பேனா நின்றது. “நாங்கன்னா யாரு?”

“அழுத்துனது நான். சாவிய குடுத்துட்டுப் போனது கூம். அப்படிச் செய்யின்னு எழுதிக் குடுத்தது நீங்க. பேரப் போடுங்க. ஒருத்தர விட்டாலும் மறுபடி முதல்லேர்ந்து எழுத வேண்டியிருக்கும்.”

“உனக்கு வேலை போகும் தேசாங்கா. கேஸும் வரும். இது புரியுதா?”

“புரியுது. எழுதுங்க.”

அவர் எழுதினார். ரதிவோயின் சட்டை நனைந்திருந்ததால் எழுத்து அங்கங்கே கலங்கியது, ஆனாலும் படிக்க முடிந்தது. தன் பெயரைக் கடைசியாக, மற்ற எழுத்தைவிடச் சின்னதாக எழுதினார். தேசாங்கா அதைச் சரிபார்த்தாள். பிறகு பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி, கூமின் முதுகில் தாளை அழுத்திப் பிடித்து, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள்.